14ஆம் எண்ணுக்கு ஓய்வு: டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் டேவ் கீயானும்

2016 அக்டோபர் 15 அன்று, தேசிய ஹாக்கி லீக்கில் ஆடும் கனடாவின் பனி ஹாக்கி அணியான டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், புதிய பருவத்தில் சொந்த மண்ணில் ஆடவிருந்த முதல் ஆட்டத்துக்கு முன்னதாக, பதினோரு ஜெர்சி எண்களுக்கு ஒரே மாலையில் ஓய்வு கொடுத்தது; அதாவது, இனி எந்த லீஃப்ஸ் வீரரும் அவற்றை அணிய மாட்டார். அந்த எண்களை அணிந்து ஆடிய பதினேழு வீரர்களின் பெயர்கள் அரங்கக் கூரைக்கு ஏறின. 1917இல் தொடங்கிய அந்த அணியின் வரலாற்றில் அதுவரை ஓய்வு பெற்றிருந்தவை இரண்டே எண்கள். நூறாண்டை எட்டும் தறுவாயில், ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கி வைத்திருந்த ஒரு வழக்கத்தை நிர்வாகம் ஒரே இரவில் மொத்தமாக ஏற்றுக்கொண்டது. அதே வாரத்தில் அணியின் மிகச் சிறந்த நூறு வீரர்களை வரிசைப்படுத்திய பட்டியலும் வெளியானது. அதில் முதலிடம் பெற்றவர், 1960 முதல் 1975 வரை 14ஆம் எண்ணை அணிந்து ஆடிய டேவ் கீயான். அந்தப் பதினேழு பேரில் மற்ற பதினாறு பேரின் எண்களும் வேறொரு வகையில் ஏற்கெனவே கௌரவிக்கப்பட்டிருந்தன. கீயானின் எண் மட்டும் கௌரவிக்கப்படாமல் இருந்தது. அணி கொடுக்க மறந்ததால் அப்படி ஆகவில்லை. கொடுக்க முன்வந்ததை அவர் ஏற்க மறுத்ததால் ஆனது.

ஒரு வீரரின் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதும், அணியின் மாபெரும் வீரர்களைத் தரவரிசைப்படுத்துவதும் ஒரே முடிவின் இரு பெயர்கள் என்றே பலரும் கருதுகிறார்கள். டொராண்டோவில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதும், ஒன்றின் விதியை மற்றொன்றின் மேல் ஏற்றியதால்தான் இவ்வளவு காலம் இழுபறி நீடித்தது என்பதும் விளங்கும்.

பெய்லியும் பரில்கோவும்

முதல் எண் 6. 1933 டிசம்பர் 12 அன்று பாஸ்டன் கார்டனில் நடந்த ஆட்டத்தில், பாஸ்டனின் எடி ஷோர் பின்னாலிருந்து மோதியதில் லீஃப்ஸ் வீரர் ஏஸ் பெய்லி பனித்தரையில் தலை அடிபட விழுந்தார். மண்டை ஓடு உடைந்தது. மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் பிழைப்பாரா என்பதே சில நாட்களுக்குக் கேள்வியாக இருந்தது. உயிர் தப்பினார், ஆனால் மீண்டும் ஆடவில்லை. 1934 பிப்ரவரி 14 அன்று மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில், லீக்கின் நட்சத்திர வீரர்கள் சேர்ந்த அணிக்கும் லீஃப்ஸுக்கும் இடையே பெய்லிக்காக நிதி திரட்டும் ஆட்டம் நடந்தது. நட்சத்திர அணியில் ஷோரும் இருந்தார். அவர் முன்னே வந்தபோது பெய்லி கை நீட்டினார். அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அன்றைக்கே பெய்லியின் 6ஆம் எண்ணை இனி எந்த லீஃப்ஸ் வீரரும் அணிய மாட்டார் என அணியை நடத்திவந்த கான் ஸ்மைத் அறிவித்தார். தேசிய ஹாக்கி லீக்கில் ஓய்வு பெற்ற முதல் எண் அதுவே.

பெய்லி சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 1928–29 பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் (அடித்த கோல்களும், கோலுக்கு உதவிய ‘அசிஸ்ட்’களும் சேர்ந்த கணக்கு) எடுத்தவர். 1932இல் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஆனால் 6ஆம் எண்ணுக்கு ஓய்வு கிடைத்தது அவருடைய கோல்களுக்காக அல்ல, அவருக்கு நேர்ந்த கதிக்காக. இந்த வேறுபாடு பின்னால் பெரிதாக வளர்ந்தது.

இரண்டாவது எண் 5; பில் பரில்கோ அணிந்தது. தடுப்பாட்டக்காரரான அவர் ஐந்து பருவங்கள்கூட முழுமையாக ஆடியதில்லை; மொத்தக் கோல்கள் 26. எனினும் 1951 ஏப்ரல் 21 அன்று மாண்ட்ரியால் கனடியன்ஸுக்கு எதிரான இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல்தான் கோப்பையை வென்று தந்தது. அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களும் கூடுதல் நேரத்துக்குச் சென்றவை. நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 26 அன்று, மீன்பிடிக்கச் சென்று திரும்பும் வழியில் அவர் பயணித்த சிறு விமானம் வடக்கு ஒன்டாரியோவின் காடுகளில் காணாமல் போனது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1962 ஜூனில்தான் சிதைவுகள் கிடைத்தன. அந்த இடைவெளியில் லீஃப்ஸ் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. 1962 ஏப்ரலில் மீண்டும் வென்ற சில வாரங்களில் பரில்கோவின் உடல் கண்டெடுக்கப்பட்டது என்பதை டொராண்டோவில் ஹாக்கி பார்க்கும் எவரும் சொல்லாமல் விடுவதில்லை.

இந்த இரண்டு துயரங்களிலிருந்தும் பிறந்ததுதான் அணியின் விதி: அணிக்குக் குறிப்பிடத்தக்க பங்களிப்புச் செய்து, அணியில் இருக்கும்போதே ஆட்ட வாழ்வை முடித்துவிடும் நிகழ்வு ஒன்றைச் சந்தித்தவரின் எண்ணுக்கு மட்டுமே ஓய்வு. மற்ற பெரிய வீரர்களின் எண்கள் ‘கௌரவ எண்கள்’ ஆகும். பதாகை தொங்கும், ஆனால் எண் புழக்கத்தில் இருக்கும், அடுத்த வீரர் அதை அணிந்து ஆடலாம். அஞ்சலிக்கு உருவான முறை இப்படியாக, தகுதியை அளக்கும் மேல்படியாக மாறிப்போனது. அந்த மேல்படியை எவ்வளவு நன்றாக ஆடினாலும் எட்ட முடியாது, விபத்து ஒன்று நேர்ந்தாலொழிய.

விதியை உருவாக்கியவர்களும் அதை இறுக்கமாகப் பிடித்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968இல் ரான் எல்லிஸ் என்ற இளம் வீரரின் ஆட்டம் பிடித்துப்போன பெய்லி, தன் 6ஆம் எண்ணை அவர் அணிய வேண்டும் என்று தாமே கேட்டுக்கொண்டார். எல்லிஸ் 1981இல் விடைபெறும் வரை அதை அணிந்தார். பிறகு எண் மீண்டும் ஓய்வுக்குத் திரும்பியது.

கீயானின் பதினைந்து பருவங்கள்

கியூபெக் மாகாணத்தின் நொராண்டா என்ற சுரங்க ஊரில் 1940இல் பிறந்த கீயான், உடல் பருமனில் சிறியவர். 1961இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை, 1962, 1963 இரண்டிலும் நாகரிகமான ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பை, 1962, 1963, 1964, 1967 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஸ்டான்லி கோப்பை, 1969 முதல் 1975 வரை அணித்தலைமை என அவருடைய கணக்கு நீளும். லீஃப்ஸுக்காக 1,062 ஆட்டங்களில் 365 கோல்களும் 493 அசிஸ்ட்களும் சேர்த்து 858 புள்ளிகள். அவர் விலகும்போது அணியின் வரலாற்றில் அதுவே உச்சம்.

ஆனால் கீயானை இந்த எண்களால் மட்டும் அளந்தால் பாதி ஆள்தான் கிடைப்பார். அவருடைய வேலை பெரும்பாலும் எதிரணியின் மிகச் சிறந்த சென்டரை (நடு முன்னாட்டக்காரரை) ஆடவிடாமல் செய்வது. அதைத் தடியால் அடித்தோ இடித்துத் தள்ளியோ செய்யாமல், சறுக்கு வேகத்தாலும் நிற்கும் இடத்தைக் கணிக்கும் திறத்தாலும் செய்தார். லீக்கில் அவர் ஆடிய 1,296 ஆட்டங்களில் மொத்தத் தண்டனை நிமிடங்கள் 117 மட்டுமே. முரட்டு வீரர்கள் ஒரே பருவத்தில் இதைத் தாண்டிவிடுவார்கள். தண்டனையால் தன் அணியில் ஓர் ஆள் குறைந்திருக்கும் நேரத்தை எதிரணிக்கு ஆபத்தான நேரமாக்கியவர் அவர். 1963 இறுதித் தொடரை டெட்ராய்டுக்கு எதிராக முடித்துவைத்த ஐந்தாம் ஆட்டத்தில், ஆள் குறைந்த நிலையிலேயே இரண்டு கோல்கள் அடித்தார். 1964 ஏப்ரல் 9 அன்று மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கில் நடந்த அரையிறுதியின் ஏழாம் ஆட்டத்தை டொராண்டோ 3–1 என வென்றது. மூன்று கோல்களும் கீயானுடையவை.

1967 இன்னும் தெளிவான சான்று. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் தொடரின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பை அந்த ஆண்டு கீயானுக்குக் கிடைத்தபோது, 12 ஆட்டங்களில் அவர் எடுத்திருந்தவை எட்டுப் புள்ளிகள்தாம். அணியின் கோல்காப்பாளர் ஜானி பவருக்கு வயது 42. பல தூண்கள் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். அந்த அணி முதலில் சிகாகோவையும் பிறகு மாண்ட்ரியாலையும் ஆறு ஆறு ஆட்டங்களில் வீழ்த்தியதில், எதிரணி அடிக்காத கோல்களின் கணக்கில் கீயானின் பங்கு இருந்தது. வாக்களித்தவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். அந்தக் கோப்பையை வென்ற ஒரே லீஃப்ஸ் வீரர் இன்றுவரை அவர்தான். காரணம் எளிது, அணி அதன் பிறகு இறுதித் தொடருக்கே போகவில்லை.

வெளியேற்றம்

1970களின் தொடக்கத்தில் அணி ஹரால்ட் பல்லார்ட் என்பவரின் கைக்கு வந்தது. மோசடி வழக்கில் சிறை சென்று மீண்ட உரிமையாளர். தன் வீரர்களைப் பத்திரிகைகளில் பழிப்பதை வழக்கமாகக் கொண்டவர். 1975இல் கீயானின் ஒப்பந்தம் முடிந்தபோது அவருக்கு 35 வயது. அவருடைய தலைமையைப் பல்லார்ட் வெளிப்படையாகக் குறை கூறினார். அணியில் இடமில்லை என்பதையும் தெரியப்படுத்தினார். அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறொரு அணி எடுத்தால் பழைய அணிக்கு ஈடு தர வேண்டும் என்பது லீக்கின் அன்றைய விதி. அந்த ஈட்டை எவரும் தர முன்வராத அளவுக்குப் பல்லார்ட் உயர்த்திக் கேட்டார். வைத்துக்கொள்ளவும் மாட்டேன், போகவும் விட மாட்டேன் என்பதே அவருடைய நிலை.

கீயான் போட்டி லீக்கான உலக ஹாக்கி சங்கத்துக்குப் போனார். மினசோட்டா, இண்டியானாபோலிஸ், நியூ இங்கிலாந்து என அணிகள் மாறினார். 1979இல் அந்த லீக் கலைந்து அதன் நான்கு அணிகள் தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்தபோது ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் அணியின் வழியாகத் திரும்பி, 1982 வரை, 42 வயதுவரை ஆடினார். முப்பத்தைந்தில் முடிந்துவிட்டார் என்று சொல்லப்பட்டவர் ஏழு பருவங்கள் கூடுதலாக ஆடினார் என்பது பல்லார்டின் மதிப்பீட்டைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிடுகிறது.

மறுப்பு

1986இல் ஹாக்கி புகழ் மன்றத்தில் கீயான் சேர்க்கப்பட்டார். 1990இல் பல்லார்ட் இறந்தார். அத்தோடு சண்டை தீர்ந்திருக்கும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்தார்கள். தீரவில்லை. 1999 பிப்ரவரியில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்த கடைசி ஆட்டத்துக்குப் பழைய வீரர்கள் திரளாக வந்தபோது கீயான் வரவில்லை. 2007இல், 1967 கோப்பையின் நாற்பதாம் ஆண்டு நிகழ்வுக்கு வந்தார். தன் சக ஆட்டக்காரர்களுக்காக வந்ததாகவே அது புரிந்துகொள்ளப்பட்டது. கௌரவ எண் என்ற ஏற்பாட்டை அவர் அப்போதும் ஒப்பவில்லை. எண்ணைக் கௌரவிப்பதாகச் சொல்லிவிட்டு அதை அடுத்தவருக்குக் கொடுப்பது கௌரவமே இல்லை. கொடுப்பதானால் ஓய்வு கொடுங்கள் என்பதே அவர் நிலை.

இதைப் பிடிவாதம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீயான் போன பிறகு 14ஆம் எண் சும்மா இருக்கவில்லை. 1990களில் டேவ் ஆண்ட்ரேசுக் அதை அணிந்து ஒரு பருவத்தில் 53 கோல்கள் அடித்தார். 2000களில் மாட் ஸ்டேஜன் அணிந்தார். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வெளியே துரத்தப்பட்ட ஒருவரின் எண்ணை அடுத்தடுத்து வேறு தோள்களில் ஏற்றிவிட்டு, கூடவே ஒரு பதாகையும் தொங்கவிடுகிறோம் என்று நிர்வாகம் சொன்னபோது, அந்தச் சலுகையில் உள்ள முரணை ஒருவராவது சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. மற்ற பதினாறு பேருக்குக் கிடைத்ததும் அதே அரைகுறைக் கௌரவம்தான். அவர்களில் சிலர் மறைந்துவிட்டார்கள், சிலர் நன்றியோடு ஏற்றுக்கொண்டார்கள். கீயான் தன் எண்ணுக்காக மட்டும் நின்றதாகத் தோன்றினாலும், அவர் எதிர்த்தது எல்லோரையும் பாதித்த விதியை.

நூறு பேர் பட்டியல்

2014இல் அணி நிர்வாகத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற பிரெண்டன் ஷனஹன், தாமே நட்சத்திர வீரராக இருந்தவர். டொராண்டோ பகுதியில் வளர்ந்தவர். அந்த ஆண்டே அரங்கின் வெளியே பழைய வீரர்களின் வெண்கலச் சிலைகள் வரிசையாக எழத் தொடங்கின. ஆட்டத்துக்குத் தயாராக அமர்ந்தும் எழுந்தும் நிற்பது போன்ற, வீரர்களின் இருக்கை வரிசை ஒன்றை ஒட்டிய அமைப்பு அது. 2016 ஜனவரியில் கீயானின் சிலையும் வரும் என அறிவிக்கப்பட்டபோது அணிக்கும் அவருக்கும் இடையிலான பேச்சுவார்த்தை கனிந்துவிட்டது புரிந்தது.

அடுத்து வந்தது தரவரிசை. முன்னாள் வீரர்கள், வரலாற்றாளர்கள், ஊடகத்தார் ஆகியோர் அடங்கிய குழு பட்டியலிட்டது. ரசிகர்களின் வாக்கும் கணக்கில் சேர்ந்தது. முதலிடம் கீயான், அடுத்து சில் ஆப்ஸ், மூன்றாவது டெட் கென்னடி.

இந்த வரிசை விவாதத்துக்கு உரியது, விவாதிக்கவும் பட்டது. ஆப்ஸ் லீக்கின் முதல் கால்டர் கோப்பையை வென்றவர்; மூன்று முறை ஸ்டான்லி கோப்பை; 423 ஆட்டங்களில் 432 புள்ளிகள். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர்ந்ததால் உச்ச வயதில் இரண்டு பருவங்களை இழந்தார். இவையெல்லாம் போதாதென்று 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் ஆறாம் இடம் பெற்றவர். கென்னடிக்கு ஐந்து கோப்பைகள். 1955இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை. அதை அடுத்ததாக ஒரு லீஃப்ஸ் வீரர் வெல்ல 2022 வரை, ஆஸ்டன் மாத்யூஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெறும் புள்ளிக் கணக்கில் பார்த்தால் 981 ஆட்டங்களில் 987 புள்ளிகள் எடுத்த மாட்ஸ் சுந்தின் எல்லோருக்கும் மேலே நிற்கிறார். அவருக்குக் கோப்பை இல்லை.

இவர்களை ஒரே தட்டில் நிறுத்துவது கடினம் என்பதற்குக் காரணங்கள் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கின்றன. ஆப்ஸின் காலத்தில் ஒரு பருவத்துக்கு 50 ஆட்டங்களை ஒட்டித்தான். கீயானின் காலத்தில் 70. சுந்தினுக்கு 80க்கு மேல். 1942 முதல் 1967 வரை லீக்கில் ஆறே அணிகள், அவற்றில் நான்கு பிளே-ஆஃபுக்குப் போகும். இரண்டு தொடர்களை வென்றால் கோப்பை கையில். சுந்தினுக்கு நான்கு தொடர்களை வெல்ல வேண்டும், போட்டியிட்டவை முப்பது அணிகள்வரை. ஆகவே கோப்பைகளை எண்ணுவதும் புள்ளிகளை எண்ணுவதும் தனித்தனியே பார்த்தால் வெவ்வேறு காலத்துக்குச் சாதகமானவை. குழு கீயானைத் தேர்ந்தது இரண்டிலும் அவர் கீழே இறங்கவில்லை என்பதால் இருக்கலாம்: நான்கு கோப்பைகள், அவர் விலகும்போது அணியில் முதலிடத்தில் இருந்த புள்ளிக் கணக்கு, தாக்குதல், தடுப்பு இரண்டிலும் ஆடும் முழுமை. என்னைக் கேட்டால் கென்னடியை ஒரு படி மேலே வைத்திருப்பேன். ஐந்து கோப்பைகளையும், அணியின் முகமாக நின்று அதைச் சுமந்த ஆண்டுகளையும் அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. ஆனால் கீயான் முதலிடத்துக்குத் தகாதவர் என்று வாதிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பட்டியல் வெளியானதும் நிர்வாகத்தின் நிலை சிக்கலானது. மிகச் சிறந்தவர் என்று அறிவிக்கப்பட்டவரின் எண் ஓய்விலும் இல்லை, கௌரவத்திலும் இல்லை. தரவரிசையில் எவ்வளவோ கீழே இருக்கக்கூடிய பரில்கோவின் எண் ஓய்வில் இருக்கிறது. அஞ்சலிக்கான விதியையும் தகுதிக்கான விதியையும் கலந்துவைத்ததன் விளைவு அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஒரே மாலையில்

அக்டோபர் 15இன் முடிவு இந்தச் சிக்கலை வெட்டி எறிந்தது. 1, 4, 7, 9, 10, 13, 14, 17, 21, 27, 93 ஆகிய பதினோரு எண்களும் புழக்கத்திலிருந்து நீங்கின. 1, 4, 7, 9, 10, 27 ஆகிய ஆறு எண்களுக்குத் தலா இருவர். 27ஐ எடுத்தால் ஃபிராங்க் மஹோவ்லிச்சும் டாரில் சிட்லரும். அணிக்கு வெளியே பார்த்தவர்களுக்குப் பதாகைகளின் எண்ணிக்கை வியப்பைத் தந்தது. உள்ளூர் ரசிகர்களுக்குக் கீயான் பனித்தரையில் நின்றதே போதுமானதாக இருந்தது. அந்தப் பருவம் தொடங்குமுன்பே ஜேம்ஸ் வான் ரீம்ஸ்டைக் தான் அணிந்துவந்த 21ஐ விட்டு 25க்கு மாறியிருந்தார். 21 போர்யே சால்மிங்கின் எண்.

தனியாகக் கீயானுக்கு மட்டும் விலக்கு அளித்திருந்தால் அது பேரம் போலத் தோன்றியிருக்கும். விதியையே மாற்றியது சரியான வழி. எனினும் மொத்தமாகக் கொடுத்ததில் ஒரு குறையும் இருக்கிறது. கௌரவ எண்களின் பட்டியல் எந்த அளவுகோலில் உருவானதோ அதையே மறுபரிசீலனை இல்லாமல் ஓய்வுப் பட்டியலாக உயர்த்திவிட்டார்கள். டக் கில்மோர் 1992–93இல் எடுத்த 127 புள்ளிகள் இன்னும் அணியின் ஒரு பருவ உச்சம். ஆனால் அவர் டொராண்டோவில் முதன்மையாக ஆடியது ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதல்தான். வெண்டெல் கிளார்க்கை நகரமே நேசித்தது. கோப்பையோ பெரிய விருதுகளோ அவரிடம் இல்லை. ரசிகர்களின் அன்பும் ஓர் அளவுகோல்தான் என்றால் அதை எழுதிவைத்திருக்கலாம். எழுதிவைக்கவில்லை.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. 1இலிருந்து 10 வரையிலான எண்களில் டொராண்டோ வீரர் ஒருவர் இனி அணியக்கூடியவை 2, 3, 8 மட்டுமே. தடுப்பாட்டக்காரர்கள் காலங்காலமாக விரும்பும் ஒற்றை இலக்க எண்கள் அநேகமாகத் தீர்ந்துபோயின. 99ஐ எந்த அணியும் தொட முடியாது. வேய்ன் கிரெட்ஸ்கிக்காக லீக் முழுவதும் அது ஓய்வில் இருக்கிறது. பதினைந்து எண்களுக்கு ஓய்வு கொடுத்த மாண்ட்ரியால் கனடியன்ஸும் இதே நெருக்கடியில் இருக்கிறது. ஆனால் அவர்கள் 1937இல் ஹவி மோரென்ஸின் 7ஆம் எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அநேகமாக ஒவ்வொரு பெயருக்கும் தனி இரவு, தனி விவாதம் இருந்தது.

டொராண்டோவுக்கு அந்த விவாதம் இனிமேல்தான். மாத்யூஸின் 34 பற்றிப் பெரிய வாதம் எழாது. 2023–24 பருவத்தில் அடித்த 69 கோல்களும் ஹார்ட் கோப்பையும் அதைத் தீர்த்துவிடும். கடினமான வழக்கு மிட்ச் மார்னருடையது. 657 ஆட்டங்களில் 741 புள்ளிகள் எடுத்து, விலகும்போது அணியின் வரலாற்றில் முதல் ஐவருக்குள் இருந்த அவர், 2025இல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் வேகஸ் அணிக்குப் போய்விட்டார். பிளே-ஆஃப் தோல்விகளுக்காக ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தவர். அவர் அணிந்த 16 என்ன ஆகும் என்பதற்கு, 2016இல் பதினோரு எண்களைக் கூரைக்கு ஏற்றிய நிர்வாகம் ஒரு விதியையும் விட்டுவைக்கவில்லை.